வேறு பட்டம் முடித்தவர்களுக்கான குறுங்காலத் தாதியர் பட்டம்: வன்னியில இருந்து எங்க தொடங்கிறது?

முறிகண்டி_99

வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகரில விவசாய பீடம் முடிச்சிருக்கிறன். இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு, ஜி.பி.ஏ 3.12. உயர்தரம் உயிரியல். வயது 26. ஐ.ஈ.எல்.ரி.எஸ் மொத்தம் 6.5, எழுத்தில மட்டும் 6.

ஏற்கனவே ஒரு பட்டம் இருக்கிற ஆக்கள் 12 அல்லது 16 மாதத்தில தாதியர் பட்டம் எடுக்கலாம் எண்டு முகநூலில விளம்பரம் வந்துகொண்டே இருக்கு. பாடம் ஒன்லைனில, வாட்டுப் பயிற்சி மட்டும் அமெரிக்காவில எண்டு ஒண்டு. லண்டனில ஒரு வருடத்தில எம்.எஸ்.சி நேர்சிங் எண்டு இன்னொண்டு. ரொறன்ரோவில மாமா இருக்கிறார், கொஞ்சம் காசு உதவுவார். விவசாயத்தில படிச்ச பாடம் ஏதாவது கணக்கில எடுபடுமா? இலங்கையிலயே இப்பிடி ஒரு படிப்பு இருக்கா? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் உடைச்சுச் சொல்லுங்கோ. ஏஜென்சிக்காரர் முதலில 2 லட்சம் கட்டச் சொல்லுறார். அதுக்கு முதல் தெரியவேணும்.


சேலைன்_போத்தல்

தங்கச்சி, அந்த 2 லட்சத்தை இப்போதைக்குக் கட்டவேண்டாம்.

இலங்கைக் கதை சின்னது. வேறு பட்டதாரிகளுக்கென்று சுருக்கிய தாதியர் பட்டம் இங்கே இல்லை. யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை, ருகுணு போன்ற பல்கலைக்கழகங்களில் தாதியியல் 4 வருடம், உயர்தர இசட் புள்ளியில்தான் அனுமதி. ஏற்கனவே உள்வாரி மாணவராகப் பதிந்து படித்தவருக்கு அந்த வாசல் மூடியாகிவிட்டது. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் (வவுனியாவிலும் ஒன்று உண்டு) 3 வருடப் பயிற்சி. வர்த்தமானி அறிவித்தல் வரும்போது உயர்தரப் பெறுபேற்றையும் வயதெல்லையையும் பார்த்து எடுப்பார்கள். பி.எஸ்.சி இருக்கிறது என்று ஒரு மாதம்கூடக் குறைக்கமாட்டார்கள். ஆனால் படிக்கும் காலத்தில் கொடுப்பனவு உண்டு, முடிந்ததும் அரச நியமனம். 26 வயதில் அடுத்த வர்த்தமானியைத் தவறவிட்டால் அந்த வழியும் போய்விடலாம், ஆகவே ஒரு கண் அதிலும் இருக்கட்டும்.

நகரத்தில் பதாகை கட்டி நடத்துகிற 6 மாத, 1 வருட ‘நேர்சிங் கோர்ஸ்’ வேறு சாதி. என்.வி.கியூ 4 (தேசியத் தொழிற்தகைமை) தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் சான்றிதழ் கிடைக்கும். வேலைக்கு உதவும், ஆனால் அதை வைத்து எந்த நாட்டிலும் பதிவுபெற்ற தாதியாக முடியாது.

வெளிநாட்டில் நீங்கள் கேட்கிற படிப்பு உண்மையாகவே இருக்கிறது. நாட்டுக்கு நாடு பெயரும் காலமும் மாறும்:

அமெரிக்காவில் அக்சிலரேற்றட் பி.எஸ்.என், பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். கனடாவில் இரண்டாம் நுழைவு அல்லது ‘ஆஃப்டர் டிகிரி’ என்பார்கள், ஏறத்தாழ 20 மாதம் முதல் 2 வருடம். அவுஸ்திரேலியாவில் கிராஜுவேற் என்ட்ரி மாஸ்டர்ஸ், 2 வருடம். பிரித்தானியாவில் பிறீ-றெஜிஸ்ட்றேஷன் (தாதியாகப் பதியமுன் படிக்கிற) எம்.எஸ்.சி, 2 வருடம்.

லண்டன் விளம்பரத்தில் உள்ள பொறி, ‘பிறீ-றெஜிஸ்ட்றேஷன்’ என்ற சொல் அதில் இல்லாததுதான். ‘எம்.எஸ்.சி நேர்சிங்’, ‘எம்.எஸ்.சி இன்ரநாஷனல் நேர்சிங்’ என்று ஒரு வருடத்தில் முடிகிறவை ஏற்கனவே தாதியாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. அதை முடித்தாலும் பிரித்தானியத் தாதியர் பதிவேட்டில் பெயர் ஏறாது. பிறீ-றெஜிஸ்ட்றேஷன் என்று இருக்கவேண்டும், கூடவே வளர்ந்தோர், சிறுவர், உளநலம், கற்றல் குறைபாடு என்ற நாலில் எந்தத் துறை என்றும் இருக்கவேண்டும். அந்த நாட்டுத் தாதியர் சபை மொத்தம் 4,600 மணித்தியாலம் கேட்கிறது: பாதி பாடம், பாதி வாட்டுப் பயிற்சி. உங்களுடைய முன்பட்டத்துக்காகப் பாதி வரை கழிக்கலாம் என்பதால்தான் 3 வருடம் 2 ஆகிறது. 1 வருடத்துக்குள் அந்தக் கணக்கு எந்த வழியிலும் அடங்காது.

பெயர் மாறாட்டம் மற்ற நாடுகளிலும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ‘டிப்ளோமா ஒஃப் நேர்சிங்’ படித்தால் என்றோல்ட் நேர்ஸ், பதிவுபெற்ற தாதிக்கு ஒரு படி கீழே. ஒன்ராறியோவில் ஆர்.பி.என் என்றால் பிறாக்டிக்கல் நேர்ஸ், அதே எழுத்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் உளநலத் தாதி. ஏஜென்சிக்காரர் ‘நேர்சிங் சீற் கிடைச்சிட்டுது’ என்று சொன்னால் படிப்பின் முழுப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். வாங்கி, அந்த நாட்டுப் பதிவுச் சபையின் இணையப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அவுஸ்திரேலியாவுக்கு ஆப்ரா, பிரித்தானியாவுக்கு என்.எம்.சி, கனடாவுக்கு அந்தந்த மாகாணத் தாதியர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, படிப்பிக்கிற இடமல்ல, பதிவுச் சபை), அமெரிக்காவுக்கு மாநிலத் தாதியர் சபை. அமெரிக்காவில் சி.சி.என்.இ அல்லது ஏ.சி.இ.என் தரச்சான்றும் பார்க்கவேண்டும். பட்டியலில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.


முறிகண்டி_99

நன்றி. பெயரில இவ்வளவு இருக்கும் எண்டு நினைக்கேல்லை. அப்ப அந்த அமெரிக்க ஒன்லைன் படிப்பு உண்மையானதுதானே? பட்டியலில பெயர் இருக்கு, பாத்திட்டன்.


கனகராயன்_ஆறு

படிப்பு உண்மை. உங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

அந்தக் கலப்புமுறைப் படிப்புகள் அமெரிக்காவில ஏற்கனவே குடியிருக்கிற ஆக்களுக்காகச் செய்தது. எஃப்-1 மாணவர் விசாவில போறவருக்கு ஒரு தவணையில ஒரேயொரு ஒன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிற், மட்டும்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில சேரும். மிச்சம் எல்லாம் வகுப்பில இருந்து படிக்கவேணும். அதனால அப்படியான படிப்புக்குப் பள்ளிக்கூடம் ஐ-20 எண்ட, மாணவர் விசாவுக்கான அனுமதிப் படிவத்தைத் தராது. ஐ-20 இல்லாட்டி விசாவுக்கு விண்ணப்பிக்கவே ஏலாது. முதல் மின்னஞ்சலில ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: இந்தப் படிப்புக்கு எஃப்-1 மாணவருக்கு ஐ-20 கொடுப்பீங்களா? ‘எங்கட பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவரை எடுக்கும்’ எண்டு பொதுவாப் பதில் வந்தா அதை நம்பி இருக்காதேங்கோ, இந்தப் படிப்புக்கு எண்டு திருப்பிக் கேளுங்கோ.

ஐ-20 தாற இடம் கிடைச்சாலும் அடுத்த மதகு முன்பாடங்கள். விவசாயத்தில படிச்சதைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். இரசாயனமும் உயிர்இரசாயனமும் பெரும்பாலும் எடுபடும். நுண்ணுயிரியலும் எடுபடும், ஆனா ஆய்வுகூட மணித்தியாலம் பெறுபேற்றுத் தாளில அல்லது பாடத்திட்டத்தில தெரியவேணும். மண் நுண்ணுயிரியல் எண்டு மட்டும் இருந்தா இழுபறி. புள்ளிவிபரவியல் எடுபடும். ‘பரிசோதனை வடிவமைப்பு’ எண்ட பெயரில இருந்தா பாடத்திட்டத்தையும் சேர்த்து அனுப்பவேணும், இல்லாட்டி விளங்காமல் வெட்டிப்போடுவினம்.

எடுபடாதது தாவர உடற்றொழிலியலும் கால்நடை உடற்றொழிலியலும். அவையள் கேக்கிறது மனித உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும், பகுதி 1, பகுதி 2, ஆய்வுகூடத்தோட, வழக்கமா ஒவ்வொண்டும் 4 கிரெடிற். அதோட மனித போசணை, பிறப்பில இருந்து முதுமை வரைக்குமான வளர்ச்சி உளவியல். உணவு விஞ்ஞானத்தைப் போசணைக்குப் பதிலா ஏற்கமாட்டினம். விஞ்ஞானப் பாடத்துக்குக் காலாவதியும் உண்டு, கனக்க இடத்தில 5 வருடம், சில இடத்தில 7. இரண்டாம் வருடத்தில செய்த நுண்ணுயிரியல் விண்ணப்பிக்கிற நேரம் பழசாப் போயிருக்கலாம்.

நுழைவுப் பரீட்சை பெரும்பாலும் ரீஸ் அல்லது ஹெசி. ரீஸ் எண்டா 170 கேள்வி, 209 நிமிடம்: வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம். வீட்டில இருந்தும் எழுதலாம், கமரா பாத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் போனா அந்த அமர்வும் போகும், ஆனபடியா எங்கட பக்கம் யு.பி.எஸ்சும் ரவுட்டருக்கு வேற மின்கலமும் இல்லாமல் தொடங்காதேங்கோ.

இனி முடிச்ச பிறகு. இதை ஏஜென்சி சொல்லாது. எஃப்-1இல படிச்சவருக்கு 12 மாத வேலை அனுமதி கிடைக்கும். கணினி, பொறியியல் ஆக்களுக்குக் கிடைக்கிற மேலதிக 24 மாதம் தாதியருக்கு இல்லை. அந்த 12 மாதத்துக்குள்ள என்கிளெக்ஸ் எண்ட தாதியர் பதிவுப் பரீட்சை சித்தியடைஞ்சு, மாநில அனுமதிப்பத்திரம் எடுத்து, வேலையும் தேடவேணும். எச்-1பி எண்ட வேலை விசா சாதாரண வாட்டுத் தாதிக்கு அநேகமாக் கிடைக்காது, ஏனெண்டா 2 வருட அசோசியேற் பட்டத்தோடயும் அங்க பதிவுபெற்ற தாதியாகலாம், அதனால ‘பட்டம் கட்டாயமான தொழில்’ எண்ட வரைவிலக்கணத்துக்குள்ள வராது. மிச்சம் ஈ.பி-3 நிரந்தர வதிவிட வரிசைதான், அது வருடக்கணக்கில நகருது. அந்த நேரம் விசாஸ்கிறீன் எண்ட, தாதியின்ர படிப்பையும் அனுமதிப்பத்திரத்தையும் சரிபாக்கிற சான்றிதழும் வேணும், அமெரிக்காவிலயே படிச்சிருந்தாலும் விலக்கில்லை.

செலவு படிப்புக் கட்டணம் மட்டும் 40,000 டொலரில இருந்து 90,000க்கு மேல வரைக்கும் போகும். 60,000 எண்டு வைச்சு, டொலருக்கு 300 ரூபா பிடிச்சாலே 1 கோடி 80 லட்சம். அவ்வளவைக் கொட்டி 12 மாத அனுமதியை வாங்கிறது நல்ல வியாபாரமாத் தெரியேல்லை. உங்கட இடத்தில 16 மாதம் எண்ட எண்ணுக்கு மயங்காமல் 2 வருடப் படிப்புகளைத்தான் பாக்கவேணும்.


முறிகண்டி_99

சரி அண்ணை, அமெரிக்காவை விடுவம். மாமா இருக்கிறபடியா கனடாதான் முதல் யோசினை. அதோட இன்னொரு விஷயம். 2008-09 இடப்பெயர்வில என்ட தடுப்பூசி அட்டை, கிளினிக் கொப்பி எல்லாம் துலைஞ்சு போச்சு. அது கேப்பினமா?


கனகராயன்_ஆறு

கனடாவில மாமா இருக்கிறது தங்கிற செலவுக்கு உதவும், அனுமதிக்கு உதவாது. சுருக்கிய தாதியர் படிப்புகள் கனக்கவற்றுக்குக் கனேடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் வேணும். வெளிநாட்டு மாணவரை எடுக்கிற இடங்களைத்தான் முதலில வடிச்செடுக்கவேணும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துத் தாதியர் பட்டம் 2 வருடம், ஏற்கனவே பல்கலைக்கழகம் படிச்ச ஆக்களுக்கானது. அங்கயும் மனித உடற்றொழிலியல் கேப்பினம். அதை இப்பவே ஒன்லைனில ஒரு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில கிரெடிற்றோட எடுத்து வைச்சா நாலு நாட்டுக்கும் பிரயோசனம். ஆய்வுகூடம் ஒன்லைனில செய்தா ஏற்கிற இடமும் இருக்கு, ஏற்காத இடமும் இருக்கு. காசு கட்டமுதல் கேட்டு, பதில் மின்னஞ்சலைக் கவனமா வைச்சிருங்கோ.

விசாவுக்கு மாகாண அத்தாட்சிக் கடிதம் வேணும், 2024 ஜனவரியில வந்த நடைமுறை. எஸ்.டி.எஸ் எண்ட விரைவு வழி 2024 நவம்பரோட மூடியாச்சு, இன்னும் அதைச் சொல்லி விளம்பரம் போடுற ஆக்களைக் கண்டா ஒதுங்குங்கோ. முதல் வருடக் கட்டணம் தவிர வாழ்க்கைச் செலவுக்கு எண்டு தனி ஆளுக்கு 22,895 கனேடிய டொலர் காட்டவேணும், 2025 செப்டெம்பரில கூட்டினது. வைத்தியசாலையில பயிற்சி எண்டபடியா முன்கூட்டியே குடிவரவு வைத்தியப் பரிசோதனை செய்யவேணும், படிப்பு அனுமதியோட பயிற்சிக்குத் தனி வேலை அனுமதியும் வேணுமா எண்டு விண்ணப்பிக்கிற நேரம் பாக்கவேணும். இந்த இரண்டாவதை மறந்து போய் வாட்டுக்குள்ள விடாமல் ஒரு தவணை போறது நடக்கிற விஷயம்.

தடுப்பூசிக் கேள்விக்குக் கொப்பிக்காரி வந்தா நல்லது, அவவுக்குத்தான் அது முழுக்கத் தெரியும்.


கொப்பிக்காரி

வந்திட்டன். நாலு நாட்டிலயும் கேட்பார்கள், முழுதாகக் கொடுக்காமல் வாட்டில் கால் வைக்க விடமாட்டார்கள். வன்னிப் பிள்ளைகள் கூடுதலாகத் தடக்கி விழுகிற இடமும் இதுதான், ஆனால் தீர்க்க முடியாததில்லை.

அட்டை இல்லாவிட்டால் இரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி அளவு பார்க்கலாம், ரைற்றர் என்பார்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்பளிப்பான், ஈரல் அழற்சி பி ஆகிய ஐந்துக்கும். அட்டை கிடைத்திருந்தாலும் அது போதாது என்பதைக் கவனியுங்கள். இலங்கையின் தேசியத் திட்டத்தில் ஈரல் அழற்சி பி ஊசி 2003இல்தான் கைக்குழந்தைகளுக்குத் தொடங்கியது. நீங்கள் அதற்கு முன் பிறந்தவர். சின்னமுத்து, ருபெல்லாவோடு கூகைக்கட்டும் சேர்ந்த எம்.எம்.ஆர் ஊசி 2011இல் வந்தது. கொப்பளிப்பான் ஊசி தேசியத் திட்டத்திலேயே இல்லை. பாடசாலையில் 12 வயதில் போடுவது ஏற்பும் தொண்டைக்கரப்பானும் மட்டும், குக்கல் பகுதி அதில் இல்லை, வெளிநாட்டில் கேட்பதோ மூன்றும் சேர்ந்த ரிடாப். ஆகவே ஊசி முழுதாகப் போட்டு வளர்ந்த பிள்ளைக்கும் இந்தப் பட்டியலில் பாதி வெறுமையாகத்தான் இருக்கும்.

கூட நேரம் எடுப்பது ஈரல் அழற்சி பி. மூன்று ஊசி: முதல் நாள், 1 மாதம், 6 மாதம். கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து எதிர்ப்புச்சக்தி பார்க்கவேண்டும், மில்லிலீற்றருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் குறையாமல் வரவேண்டும். மொத்தம் 7 முதல் 8 மாதம். வராவிட்டால் மூன்றையும் திரும்ப. அனுமதிக் கடிதம் வந்தபிறகு தொடங்கினால் 12 மாதப் படிப்பில் முதலாவது வாட்டுத் தவணை கைவிட்டுப் போய்விடும். முடிவு எடுக்காவிட்டாலும் முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள், வீணாகாது.

காசநோய்ப் பரிசோதனை இன்னொன்று. பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட எங்களுக்குத் தோலில் ஊசி குத்திப் பார்க்கிற முறையில் சும்மாவே வீங்கலாம். ‘பொசிற்றிவ்’ என்று எழுதிவிட்டால் பிறகு நெஞ்சு எக்ஸ்ரே, கடிதம் என்று இழுபடும். இரத்தத்தில் பார்க்கிற இக்ரா பரிசோதனையை ஏற்பார்களா என்று கேட்டு அதையே செய்யுங்கள். பிரித்தானியாவுக்கு விசாவுக்காகத் தனியாகக் காசநோய்ச் சான்றிதழ் கொழும்பில் எடுக்கவேண்டும், அதை இதோடு போட்டுக் குழப்பவேண்டாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பழைய பதிவு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள். கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அலையவேண்டாம், ரைற்றர் போதும்.

ஊசியைவிட அதிகம் மினக்கெடுத்துவது பெயர். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி, பட்டச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். இடம்பெயர்ந்தபின் பிரதி எடுத்தபோது மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்துக்கு ஆங்கில எழுத்துப் போட்டிருப்பார். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தை நிலையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றமாதிரித் திருத்துங்கள். சத்தியப்பிரமாணிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் அந்த எழுத்தை எழுதிக் கொடுத்துத்தான் மொழிபெயர்க்கச் சொல்லவேண்டும். திருத்த முடியாததற்குச் சத்தியக்கடதாசி: இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று.

பீடத்துக்குப் போகும்போது பெறுபேற்றுத் தாளோடு ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் முத்திரை குத்தி வாங்குங்கள், விரிவுரை மணித்தியாலமும் செய்முறை மணித்தியாலமும் தனித்தனியாகத் தெரியும்படி. கனடா, அமெரிக்காவுக்குச் சான்றிதழ் மதிப்பீடு செய்கிற நிறுவனங்கள் பெறுபேற்றைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்பக் கேட்கும். உறையை நீங்கள் உடைத்துப் பார்த்தால் அது செல்லாது.


சேலைன்_போத்தல்

அவுஸ்திரேலியாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. இவவின் நிலைக்கு அதுதான் முன்னுக்கு நிற்கிறது என்பது என் கணிப்பு.

காரணம், கிராஜுவேற் என்ட்ரி மாஸ்டர்ஸ் சிலவற்றில் எந்தப் பட்டம் என்றாலும் ஏற்பார்கள், சிட்னிப் பல்கலைக்கழகம் அப்படி ஒன்று. வாட்டுப் பயிற்சி குறைந்தது 800 மணித்தியாலம், சம்பளம் இல்லை. முடித்தால் தனியாகப் பரீட்சை எழுதாமலே ஆப்ராவில் பதியலாம். படிக்கும்போது வேலை செய்ய இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம் வரை அனுமதி, கட்டாய வாட்டுப் பயிற்சி அந்த 48இல் சேராது.

தடை ஆங்கிலத்தில். தாதியாகப் பதிய ஐ.ஈ.எல்.ரி.எஸ் மொத்தம் 7, வாசிப்பு, கேட்டல், பேச்சு ஒவ்வொன்றும் 7, எழுத்து 6.5. எழுத்துக்கு முன்பு 7 இருந்தது, 2025 மார்ச்சில் குறைத்தார்கள். அங்கே 2 வருடம் ஆங்கிலத்தில் படித்துவிட்டேன் என்பது இலங்கையில் பள்ளிக்கூடம் படித்தவருக்குப் போதாது, பதியும் நேரம் திரும்பவும் புள்ளி காட்டவேண்டிவரும். புள்ளிக்கு ஆயுள் 2 வருடம். உங்கள் எழுத்து 6ஐ 6.5 ஆக்குவதுதான் இப்போதைய முதல் வேலை. எழுத்தில் 6இல் நின்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்டுரையில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், மனப்பாடம் செய்த முன்னுரையை 60 சொல்லுக்கு நீட்டுகிறவர்கள்.

காசு: வாழ்க்கைச் செலவுக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் காட்டவேண்டும். 200 ரூபாவால் பெருக்கினால் 59 லட்சத்துக்கு மேல். அதற்கு மேலே முதல் வருடக் கட்டணமும் பயணச்செலவும். விசா விண்ணப்பக் கட்டணம் 2,000 டொலர், நிராகரித்தால் திரும்பாது. படிப்புக்குப் பிந்திய 485 வேலை விசாவுக்கு வயது 35க்கு மேல் ஆகக்கூடாது, அதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

கணக்கில் ஒரு கிழமைக்குக் கைமாற்றுக் காசு போட்டுக் காட்டித் தருகிறேன் என்று ஏஜென்சி சொன்னால் ஒத்துக்கொள்ளவேண்டாம். எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். மாமாவின் காசென்றால் அவருடைய வருமானவரிப் பத்திரம், வங்கிக் கூற்று, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்ச் சங்கிலி எல்லாம் வேண்டும். பிரித்தானியா என்றால் தொகை தொடர்ந்து 28 நாள் ஒரு ரூபாவும் இறங்காமல் கணக்கில் கிடக்கவேண்டும். அங்கே 2027 ஜனவரி 1க்குப் பிறகு விண்ணப்பிக்கிற பட்டதாரி விசா (படிப்பு முடிந்தபின் வேலை செய்வதற்கானது) 18 மாதம்தான், இப்போது படிக்கப் போகிறவர்கள் அதற்குள்தான் விழுவார்கள்.


முறிகண்டி_99

அப்ப அவுஸ்திரேலியா முதலாவது, கனடா இரண்டாவது. படிப்பு எவ்வளவு கஷ்டம்? எதில கூட ஆக்கள் விழுறவை?


கனகராயன்_ஆறு

பாடம் விளங்காமல் விழுறது குறைவு. ஒரு தவணையைத் தவறவிட்டு விழுறதுதான் கூட. சுருக்கின படிப்பில வெட்டினது பெரும்பாலும் பொதுப் பாடங்களை, வாட்டு மணித்தியாலத்தை இல்லை. மிச்சம் எல்லாம் நெருக்கி அடுக்கியிருக்கும். கிழமையில 2, 3 நாள் 8 தொடக்கம் 12 மணித்தியாலம் வாட்டில நிண்டு, மிச்ச நாளில வகுப்பு. சித்திப் புள்ளி கனக்க இடத்தில 75க்கு மேல, 74 எண்டா தோல்விதான். ஒரு பாடம் போனா அது அடுத்த தொகுதிக்குத்தான் திரும்ப வரும், அதுவரைக்கும் முழுநேர மாணவர் எண்ட நிலை ஆட்டம் காணும், விசாவும் அதோட.

மருந்துக் கணக்கு எண்டு ஒண்டு வரும். 90, சில இடத்தில 100 புள்ளி எடுக்காட்டி மருந்து குடுக்க விடமாட்டினம். கணக்கு சிக்கலில்லை. 1,000 மி.லீ. சேலைன் 8 மணித்தியாலத்தில போகவேணும், சேலைன் குழாயில 20 துளி 1 மி.லீ. எண்டா நிமிடத்துக்கு எத்தினை துளி? 1,000ஐ 20ஆல பெருக்கி 480 நிமிடத்தால பிரிச்சா 41.7, ஆக 42 துளி. இன்னொண்டு: 500 மி.லீ. பையில 25,000 அலகு ஹெப்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து), மணித்தியாலத்துக்கு 1,000 அலகு கட்டளை. மில்லிலீற்றருக்கு 50 அலகு, அப்ப 20 மி.லீ. தாங்கிக்கு எத்தினை மூடி மருந்து எண்டு கலந்து பழகின விவசாயக்காரருக்கு இது தண்ணிபட்ட பாடு. விழுத்திறது எழுத்து. அரை மில்லிகிராமை 0.5 எண்டு எழுதவேணும், பூச்சியம் இல்லாமல் புள்ளி 5 எண்டு எழுதினா 5 ஆ வாசிப்பினம். 5 மில்லிகிராமை 5.0 எண்டு எழுதினா புள்ளி மங்கி 50 ஆகும். விடை சரி, எழுதினது பிழை எண்டாலும் புள்ளி இல்லை.


முறிகண்டி_99

விளங்கிச்சு. வாற திங்கள் ஊசி தொடங்கலாம் எண்டு இருக்கிறன் அக்கா. எம்.எம்.ஆரையும் கொப்பளிப்பானையும் ஈரல் அழற்சி பியோட ஒரே நாளில போடலாமா?


கொப்பிக்காரி

போடலாம், ஆனால் முதலில் இரத்தம் குடுங்கள். ரைற்றருக்கும் இக்ராவுக்கும் ஊசிக்கு முன் அதே நாளில் இரத்தம் எடுத்துவிட்டால் நல்லது. எம்.எம்.ஆரும் கொப்பளிப்பானும் உயிர்த் தடுப்பூசி, போட்டபிறகு என்றால் காசநோய்ப் பரிசோதனைக்கு 4 கிழமை பொறுக்கவேண்டிவரும். ரைற்றர் முடிவு வரும்வரை அந்த இரண்டையும் நிறுத்தி வைக்கலாம், எதிர்ப்புச்சக்தி ஏற்கனவே இருந்தால் காசு மிச்சம். ஈரல் அழற்சி பியைக் காத்திருக்காமல் அன்றைக்கே போடுங்கள்.

பிறகு எம்.எம்.ஆரும் கொப்பளிப்பானும் தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் வெவ்வேறு கையில் போடலாம். ஒரே நாளில் போடாவிட்டால் இடையில் 4 கிழமை விடவேண்டும். இரண்டுக்கும் இரண்டாவது ஊசி 4 கிழமைக்குப் பிறகு. ஊசி போடுகிற இடத்தில் திகதி, மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். தொகுதி இலக்கம் இல்லாத அட்டையைத் திருப்பி அனுப்புவார்கள். அட்டையில் பெயர், கடவுச்சீட்டில் உள்ள எழுத்தில்.